வாசற்படியில் நின்ற சட்டம்

அமெரிக்க நகரங்களின் காவல் துறைப் பதிவேடுகளில், இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி முழுவதும், 'குடும்பத் தகராறு' என்றொரு தலைப்பு இருந்துவந்தது. நள்ளிரவில் பக்கத்து வீட்டாரின் உறக்கத்தைக் கெடுத்த வாய்ச்சண்டையும், கணவன் அடித்ததில் மனைவியின் விலா எலும்பு முறிந்த நிகழ்வும் அந்த ஒரே தலைப்பின் கீழ்தான் எழுதப்பட்டன. ஆங்கிலத்தில் அதற்கு வழங்கிய சொல்லின் நேர்ப்பொருள் 'அமைதிக் குலைவு' என்பதாகும். குலைந்தது தெருவின் அமைதி என்றும், அதை மீட்டுக் கொடுப்பதோடு காவலரின் வேலை முடிந்தது என்றும் அச்சொல் முன்கூட்டியே தீர்மானித்துவிடுகிறது. அடிபட்டவள் ஒருத்தி இருக்கிறாள், அடித்தவன் ஒருவன் இருக்கிறான் என்ற எண்ணத்துக்கு அதில் இடமே இல்லை. அந்த வாசற்படியில் வந்து நிற்கும் காவலர் என்ன செய்ய வேண்டும் என்ற கேள்விக்கு அமெரிக்கா 1960களிலிருந்து மூன்று முறை விடையை மாற்றிக்கொண்டது. ஒவ்வொரு மாற்றத்திலும் பழைய பெயரின் நிழல் தொடர்ந்துவந்ததைக் காணலாம்.

மனைவியை அடிப்பதைச் சட்டம் எக்காலத்திலும் அனுமதித்தே வந்தது என்று பொதுவாகச் சொல்லப்படுவது முழு உண்மையன்று. மாசசூசெட்ஸ் குடியேற்றத்தில் வாழ்ந்த பியூரிட்டன் கிறித்தவர்கள் 1641இல் தொகுத்த சட்டத்தில், தற்காப்புக்காக அன்றி மனைவியை அடிக்கக் கணவனுக்கு உரிமையில்லை என்று எழுதிவைத்தார்கள். அலபாமா மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1871இல் அத்தகைய உரிமை எதுவும் இல்லை என்று தெளிவாகவே தீர்ப்பளித்தது. மேரிலாந்து 1882இலும், டெலவேர் 1901இலும், ஓரிகன் 1905இலும் மனைவியை அடிப்பவனுக்குச் சவுக்கடி கொடுக்கச் சட்டம் இயற்றின. எனவே குறை சட்டப் புத்தகத்தில் மட்டும் இருந்ததாகச் சொல்ல முடியாது. வட கரோலினா மாநில நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகள் அது எங்கே இருந்தது என்பதைக் காட்டுகின்றன. 1868இல், கட்டைவிரலளவு பருமன்கூட இல்லாத கம்பால் மனைவியை மூன்று அடி அடித்த ஒருவனை விடுவித்த கீழ் நீதிமன்றத்தின் முடிவை உறுதிசெய்தபோது, அடிக்கும் உரிமையை ஏற்பதாக அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. அற்பமான விஷயத்துக்காகக் குடும்பத்தின் உள்ளாட்சியில் நுழைவது அதைவிடப் பெரிய கேடு என்றுதான் சொன்னது. 1874இல் அதே நீதிமன்றம் அடிக்கும் உரிமையை வெளிப்படையாக மறுத்துவிட்டு, நிலையான காயமோ கொடூரமோ இல்லாதபோது திரையை இழுத்துவிட்டு, இருவரும் மறந்து மன்னித்துக்கொள்ள விட்டுவிடுவதே நல்லது என்று சேர்த்துக்கொண்டது. உரிமை இல்லை, ஆனால் கேட்பாரும் இல்லை என்ற இந்த நிலைதான் அடுத்த நூறு ஆண்டுகளுக்குக் காவல் நிலையங்களின் எழுதப்படாத விதியாயிற்று.

எழுதப்பட்ட விதி ஒன்றும் அதற்குத் துணை நின்றது. இங்கிலாந்தின் தீர்ப்புகளிலிருந்தும் வழக்காறுகளிலிருந்தும் வளர்ந்த பொதுச் சட்ட மரபு, குற்றங்களைப் பெருங்குற்றம், சிறு குற்றம் என்று இரண்டாகப் பிரித்தது. கொலை, கொள்ளை போன்ற பெருங்குற்றமானால், நம்பத்தக்க காரணம் இருந்தாலே காவலர் பிடியாணை இல்லாமல் கைது செய்யலாம். சிறு குற்றமானால், அது அவர் கண்ணெதிரே நடந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நீதிபதியிடம் பிடியாணை பெற்று வர வேண்டும். இந்தியச் சட்டத்தில் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம், தகாத குற்றம் என்றுள்ள பிரிவினையும் இதே மரபின் கிளைதான். எலும்பு முறியாத, ஆயுதம் எடுக்காத அடியெல்லாம் சிறு குற்றமாகவே கணக்கிடப்பட்டதாலும், காவலர் கதவைத் தட்டும்போது எந்தக் கணவனும் கையை ஓங்கிக்கொண்டு நிற்பதில்லை என்பதாலும், முகம் வீங்கி நிற்கும் பெண்ணைக் கண்ணால் பார்த்த பிறகும் காவலர் "நீங்களே போய்ப் புகார் கொடுத்துப் பிடியாணை வாங்குங்கள்" என்று சொல்லிவிட்டுப் போக முடிந்தது. இரவு இரண்டு மணிக்கு நீதிமன்றம் மூடியிருக்கும்; விடியும்வரை அவள் இருக்க வேண்டியது அந்த வீட்டில்தான்.

பயிற்சி நூல்களும் இதையே சொல்லிக் கொடுத்தன. குடும்பத் தகராறில் கைது என்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்று காவல் தலைவர்களின் சர்வதேசச் சங்கம் 1960களின் பிற்பகுதியில் வெளியிட்ட பயிற்சிக் குறிப்புகள் அறிவுறுத்தின. கணவன் சிறைக்குப் போனால் சம்பளம் நின்றுவிடும், நீதிமன்றச் செலவு குடும்பத்தின் தலையில் விழும், காலையில் கோபம் தணிந்துவிடும் என்றெல்லாம் மனைவிக்கு எடுத்துச் சொல்லும்படி சில மாநிலங்களின் பயிற்சி ஏடுகள் காவலர்களுக்குக் கற்பித்தன. இவற்றில் எதுவும் பொய்யில்லை என்பதுதான் வேதனை. சம்பளம் நிற்கத்தான் செய்யும், செலவு விழத்தான் செய்யும். அந்த உண்மைகளின் பாரத்தை அடித்தவனிடம் சொல்லாமல் அடிபட்டவளிடம் சொன்னதில்தான் அநீதி இருந்தது. இத்தனை தையல் போட்டால்தான் கைது என்றொரு கணக்குச் சில ஊர்க் காவலர்களிடையே இருந்ததாகவும் அக்காலத்திய எழுத்துகள் தெரிவிக்கின்றன.

காவலர்களின் தயக்கத்துக்கு அவர்கள் சொன்ன இன்னொரு காரணம் அச்சம். காவலர் கொல்லப்படும் நிகழ்வுகளில் குடும்பத் தகராறு அழைப்புகளே முதன்மையானவை என்று எல்லாப் பயிற்சிப் பள்ளிகளிலும் சொல்லப்பட்டது. மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் ஆண்டறிக்கைகள் அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. தேசிய நீதி ஆய்வு நிறுவனத்துக்காக ஜோயல் கார்னர், எலிசபெத் கிளெமர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் அந்த எண்களைப் பிரித்துப் பார்த்தபோது, மதுக்கடைச் சண்டை, தெருக்கலவரம், துப்பாக்கியுடன் திரிபவன் பற்றிய அழைப்பு எல்லாமே 'அமைதிக் குலைவு' என்ற ஒரே கட்டத்துக்குள் போடப்பட்டிருந்தது தெரியவந்தது. குடும்பத் தகராறைத் தனியே பிரித்ததும், கொள்ளை அழைப்பைவிட அதில் ஆபத்து மிகக் குறைவு என்று வெளிப்பட்டது. பெயர் செய்த குழப்பத்துக்கு இதைவிட நேரடியான உதாரணம் வேண்டியதில்லை.

முதல் மாற்றம் நியூயார்க்கில் தொடங்கியது. அந்நகரத்தின் சிட்டி கல்லூரியில் உளவியல் பேராசிரியராக இருந்த மார்ட்டன் பார்டு, முன்பு சில காலம் காவலராகவே பணியாற்றியவர். இரவு ரோந்தில் ஒரு குடும்பத்தின் கதவுக்கு முன்னால் கைபிசைந்து நிற்பது எப்படி இருக்கும் என்பதை அறிந்தவர். மத்திய நீதித் துறையின் நிதியுதவியுடன் 1967இல் அவர் மேற்கு ஹார்லெமிலுள்ள 30ஆம் காவல் சரகத்தில் 18 காவலர்களைத் தேர்ந்தெடுத்தார். அவர்களில் 9 பேர் கறுப்பர், 9 பேர் வெள்ளையர். இனத்துக்கு ஒருவராக இணைத்து இருவர் இருவராக ரோந்துக்கு அனுப்பப்பட்டனர். ஒரு மாத காலம், 160 மணி நேரம் நீடித்த பயிற்சியில் விரிவுரைகளோடு நாடகங்களும் இருந்தன. தொழில்முறை நடிகர்கள் முடிவு எழுதப்படாத ஒரு குடும்பச் சண்டையை நடித்துக் காட்ட, காவலர்கள் மேடையேறி அதில் தலையிட்டு, பிறகு தாங்கள் செய்ததை விவாதித்தார்கள். இருவரையும் தனித்தனி அறையில் உட்காரவைத்துப் பேசுவது, உரத்த குரலுக்குத் தாழ்ந்த குரலால் விடை சொல்வது, எந்த நிறுவனத்தின் உதவியை நாடலாம் என்று எழுதிக் கொடுப்பது ஆகியவை இன்று எந்தக் காவலருக்கும் தெரிந்த முறைகளாகிவிட்டன. அன்று அவை புதியவை. ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளில் அந்தச் சிறு பிரிவு 960 குடும்பங்களுக்கு மேல், 1,400 முறை அளவில் தலையிட்டது. பிரிவைச் சேர்ந்த காவலர் எவரும் பெருங்காயம் அடையவில்லை.

பார்டின் முயற்சியைப் பிற்காலப் பெண்ணுரிமை எழுத்தாளர்கள் சற்றுக் கடுமையாகவே மதிப்பிட்டிருக்கிறார்கள். அவர் குடும்பத் தகராறை இரண்டு சமமானவர்களுக்கிடையே எழுந்த மன நெருக்கடியாகப் பார்த்தார், குற்றமாகப் பார்க்கவில்லை என்ற குறை நியாயமானதே. ஆயினும் அதுவரை 'உண்மையான காவல் வேலை' அல்ல என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒன்றுக்கு 160 மணி நேரம் தரத் தகுதி உண்டு என்று ஒரு காவல் துறையை ஒப்புக்கொள்ள வைத்தவர் அவர். கெடுதல் நேர்ந்தது பரவலின்போதுதான். நாடெங்கும் பிற நகரங்கள் இம்முறையை எடுத்துக்கொண்டபோது பயிற்சி நேரம் சுருங்கியது, தனிப்பிரிவு மறைந்தது, 'சமரசம் பேசு' என்ற சொல் மட்டும் தங்கியது. அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1973இல் வெளியிட்ட காவல் பணி நெறிமுறைகளும் கணவன் மனைவி மோதலைத் தீர்த்துவைப்பதைக் காவலரின் பணிகளில் ஒன்றாகச் சேர்த்தன. கைது செய்யாமல் இருப்பதற்கு அதுவரை சோம்பலும் அலட்சியமும் காரணமாயிருந்தன. இப்போது அறிவியலின் பெயரும் கிடைத்தது.

அந்தச் சமரசங்களுக்குப் பின் என்ன நடந்தது என்பதைக் கான்சாஸ் சிட்டியின் ஏடுகள் சொல்லின. காவல் துறை ஆய்வுக்கான 'போலீஸ் ஃபவுண்டேஷன்' என்ற தனியார் அறக்கட்டளை 1977இல் வெளியிட்ட ஆய்வின்படி, குடும்பக் கொலை நடந்த முகவரிகளில் சுமார் 85 விழுக்காட்டுக்குக் கொலைக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் காவலர்கள் ஒரு முறையாவது தகராறு அழைப்பின் பேரில் சென்றிருந்தார்கள். ஏறத்தாழப் பாதி முகவரிகளுக்கு ஐந்து முறையோ அதற்கு மேலோ சென்றிருந்தார்கள். முகவரி என்பது பல குடும்பங்கள் வாழும் அடுக்குமாடிக் கட்டடமாகவும் இருக்கலாம் என்பதால் இந்த எண்ணை அப்படியே ஒரு குடும்பத்தின் கதையாகக் கொள்ள முடியாது என்று பின்னர் சுட்டிக்காட்டப்பட்டது, அத்திருத்தம் சரியானதுதான். ஆனால் ஐந்து முறை ஏறி இறங்கிய படிக்கட்டில் ஆறாம் முறை உடலை எடுக்க ஏறினார்கள் என்ற படிமம், அன்றைய வாசகர்களின் மனத்திலிருந்து எளிதில் அகலவில்லை.

இதற்கிடையே, காவல் துறைக்கு வெளியே ஒரு பெரும் அசைவு தொடங்கியிருந்தது. மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் பெண்கள் சிலர் 1972இல் சட்ட உதவிக்காக ஒரு தொலைபேசி எண்ணை ஏற்படுத்தினர். அழைத்தவர்களில் பலர் கேட்டது சட்டத்தை அல்ல, அன்றிரவு படுக்க ஓர் இடத்தை என்பது தெரிந்ததும், 1974இல் ஒரு வீட்டை அடைக்கல இல்லமாகத் திறந்தார்கள். இத்தகைய இல்லங்கள் நாடெங்கும் பெருகியபோது, தனித்தனியே தங்கள் விதி என்று நம்பியிருந்த பெண்கள் ஒரே சமையலறை மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தங்களிடம் காவலர்கள் சொன்னதெல்லாம் சொல்லுக்குச் சொல் ஒன்றாயிருந்ததைக் கண்டுகொண்டார்கள். 1976இல் நியூயார்க்கில் 12 மனைவியர் காவல் துறை மீதும் குடும்ப நீதிமன்ற அலுவலர்கள் மீதும் வழக்குத் தொடர்ந்தனர். அதே ஆண்டு கலிஃபோர்னியாவின் ஓக்லண்டில் கறுப்பினப் பெண்கள் சிலர், தங்களைப் போன்ற எல்லோர் சார்பிலும் கூட்டு வழக்குத் தொடுத்தனர். காவல் துறைகளைப் பொறுத்தவரை இரு வழக்குகளும் விசாரணை முடிவுக்குப் போகாமல், 1978இலும் 1979இலும் ஒப்பந்தத்தில் முடிந்தன. பெருங்குற்றம் நடந்ததாக நம்பக் காரணம் இருந்தால் அடித்தவன் கணவன் என்பதற்காகக் கைதைத் தவிர்க்கக் கூடாது என்று நியூயார்க் காவல் துறை எழுதிக் கொடுத்தது. ஓரிகன் மாநிலம் 1977இல் இன்னும் ஓரடி மேலே சென்று, நம்பத்தக்க காரணம் இருந்தால் கைது செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் இயற்றியது. கட்டாயக் கைது என்ற சொல் அமெரிக்கச் சட்டத்துக்குள் நுழைந்தது அப்போதுதான்.

இரண்டாவது பெருமாற்றத்துக்கு ஒரு சோதனை வழிவகுத்தது. காவல் வரலாற்றில் அதைப் போல் பேசப்பட்ட ஆய்வு வேறொன்று இருக்க முடியாது. லாரன்ஸ் ஷெர்மன், ரிச்சர்டு பெர்க் என்ற இரு சமூகவியலாளர்கள், மினியாபொலிஸ் நகரக் காவல் தலைவர் ஆன்டனி பௌசாவின் ஒத்துழைப்புடன், 1981 மார்ச் முதல் 1982 ஆகஸ்ட் வரை, சிறு குற்ற அளவிலான குடும்ப அடிதடி வழக்குகளில் காவலர் செய்ய வேண்டியதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தார்கள். கைது செய்வது, சமரசம் பேசி அறிவுரை கூறுவது, அடித்தவனை எட்டு மணி நேரம் வீட்டைவிட்டு அனுப்புவது என்று மூன்று வழிகள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறத்தில் அறிக்கைப் படிவம் அச்சிட்டு, நிறங்களைக் கலைத்து அடுக்கிய கட்டு ஒவ்வொரு காவலரிடமும் கொடுக்கப்பட்டது. மேலே எந்த நிறம் இருக்கிறதோ அதன்படி நடக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான வழக்குகள் இதில் சேர்க்கப்படவில்லை என்றாலும், ஒரு பெண்ணின் அன்றைய இரவு காகிதத்தின் நிறத்தைப் பொறுத்து அமைந்தது என்பதை எண்ணும்போது மனம் கூசத்தான் செய்கிறது. அதற்கு முந்தைய நூறாண்டுகளில் அது காவலரின் மனநிலையைப் பொறுத்து அமைந்திருந்தது என்பதையும், அந்த ஏற்பாட்டைச் சோதனை என்று ஒப்புக்கொள்ள ஒருவரும் இருந்ததில்லை என்பதையும் கூடவே நினைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

314 வழக்குகள் ஆராயப்பட்டன. அடுத்த ஆறு மாதங்களுக்குள் அதே ஆள் மீண்டும் வன்முறையில் ஈடுபட்டதாகக் காவல் பதிவேடுகளில் தென்பட்டது, கைதானவர்களில் 10 விழுக்காடு, அறிவுரை பெற்றவர்களில் 19 விழுக்காடு, வெளியே அனுப்பப்பட்டவர்களில் 24 விழுக்காடு. பாதிக்கப்பட்ட பெண்களிடம் நேரில் கேட்டபோது எண்கள் முறையே 19, 37, 33 என்றிருந்தன. எப்படிப் பார்த்தாலும் கைது பாதிக்குப் பாதி பயன் தந்ததாகத் தோன்றியது. ஆய்வின் பலவீனங்கள் அதன் ஆசிரியர்களின் அறிக்கையிலேயே இருந்தன: நகரம் ஒன்றுதான், வழக்குகளில் கணிசமானவை மிகச் சில காவலர்களிடமிருந்தே வந்தவை, எல்லா நேர்காணல்களுக்கும் கடைசிவரை வந்த பெண்கள் பாதிக்கும் குறைவு. இருந்தும் அமெரிக்கச் சமூகவியல் இதழில் 1984இல் அது வெளியானபோது நாளிதழ்களும் தொலைக்காட்சியும் எடுத்துக்கொண்டது முடிவை மட்டுமே. அதே ஆண்டு செப்டம்பரில், குடும்ப வன்முறை பற்றி அரசுத் தலைமை வழக்கறிஞர் அமைத்த குழு, கைதே முதன்மை வழியாக இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. குழுவின் தலைவர் டெட்ராய்ட் நகரக் காவல் தலைவர் வில்லியம் ஹார்ட் என்பது அப்பரிந்துரைக்குக் காவலர்களிடையே எடை சேர்த்தது.

அந்த ஆண்டில் ஒரு தீர்ப்பும் வந்து சேர்ந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் டோரிங்டன் என்ற சிறு நகரில், பிரிந்து வாழ்ந்த கணவன் தன்னைக் கொன்றுவிடுவதாக மிரட்டுகிறான் என்று ஓர் இளம் மனைவி பல மாதங்களாக மீண்டும் மீண்டும் முறையிட்டுவந்தாள். 1983 ஜூனில் அவன் வாசலுக்கு வந்தபோது அவள் காவல் துறையை அழைத்தாள். காவலர் வந்து சேர ஏறத்தாழ 25 நிமிடம் ஆயிற்று. அதற்குள் அவள் 13 இடங்களில் குத்தப்பட்டிருந்தாள். இரத்தம் தோய்ந்த கத்தியைக் கையில் வைத்திருந்தவன், காவலர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் தலையில் உதைத்தான். தூக்குப் படுக்கையில் கிடந்தவளை அவன் மறுபடி நெருங்கிய பிறகே கைது நடந்தது. அவள் உயிர் பிழைத்தாள், உடலின் ஒரு பகுதி செயலிழந்த நிலையில். எல்லோருக்கும் சட்டத்தின் சமப் பாதுகாப்பு உண்டு என்ற அரசியலமைப்பு உறுதிமொழி, அடித்தவன் கணவன் என்பதால் மட்டும் மனைவிக்கு மறுக்கப்படலாகாது என்று மத்திய மாவட்ட நீதிமன்றம் 1984இல் ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டு ஜூரிகள் 23 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தனர். நகராட்சிகளின் கருவூலத்தைத் தொட்ட அந்தத் தொகை, எந்த ஆய்வும் சாதிக்காத வேகத்தைக் கொடுத்தது. ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில், சிறிய குடும்ப அடிதடிக்கும் கைதையே விரும்பும் காவல் துறைகள் 1984இல் 10 விழுக்காடாக இருந்து, 1986இல் 46 விழுக்காடாயின. கனெக்டிகட் 1986இல் கட்டாயக் கைதுச் சட்டத்தை நிறைவேற்றியது.

பிறகு மினியாபொலிஸ் சோதனையைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். தேசிய நீதி ஆய்வு நிறுவனத்தின் நிதியில் ஒமாஹா, சார்லட், மில்வாக்கி, கொலராடோ ஸ்பிரிங்ஸ், மயாமி வட்டாரமான டேடு ஆகிய இடங்களில் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரணான விடைகளைத் தந்தன. ஒமாஹாவில் மூன்று வழிகளுக்கும் வேறுபாடே தெரியவில்லை. ஆனால் காவலர் வருமுன் ஓடிவிட்டவன் மீது பிடியாணை எடுத்தபோது அவன் அடங்கினான் என்ற எதிர்பாராத செய்தி அங்கே கிடைத்தது. மில்வாக்கியில் 1,200 வழக்குகளை ஷெர்மனே ஆராய்ந்தார். கைதுக்குப் பின் சுமார் ஒரு மாதம் வன்முறை குறைந்தது, பின்னர் ஏறியது. வேலையில் இருந்தவர்களைக் கைது தடுத்தது; வேலையற்றவர்களை, அதாவது மில்வாக்கியின் வறிய கறுப்பினப் பகுதிகளில் நிறைந்திருந்தவர்களை, அது மேலும் மூர்க்கமாக்கியது. இழக்க ஏதுமில்லாதவனுக்குச் சிறை வெட்கமாகத் தோன்றவில்லை, பழிக்குக் காரணமாகத் தோன்றியது.

1992இல் எழுதிய நூலில் ஷெர்மன் கட்டாயக் கைதுச் சட்டங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்று வாதிட்டார். மில்வாக்கி போன்ற ஒரு நகரில் எல்லோரையும் கைது செய்யும் கொள்கை, பெரும்பாலும் வெள்ளையினப் பெண்கள் மீதான 2,504 வன்செயல்களைத் தடுப்பதற்கு விலையாகப் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள் மீது 5,409 வன்செயல்களை ஏற்படுத்தும் என்ற அவருடைய மதிப்பீடு, அவரது சொந்தச் சோதனையின் பேரில் எழுந்த கட்டடத்தை அவரே இடிப்பதாக இருந்தது. தன் ஆய்வின் புகழுக்கு எதிராகவே பேசத் துணிந்த அறிஞரின் நேர்மையைப் போற்றத்தான் வேண்டும். அதே வேளை, ஒற்றை நகரத்தின் முடிவை முதலில் அத்தனை வேகமாகப் பொதுமக்களிடம் கொண்டுசென்றவரும் அவர்தான் என்பதை மறப்பதற்கில்லை. ஐந்து இடங்களின் 4,032 நிகழ்வுகளை ஒன்றுசேர்த்து 2001இல் வேறு ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, கைது ஓரளவு தடுக்கவே செய்கிறது, ஆனால் அந்த அளவு சிறியது என்று கண்டார்கள். மில்வாக்கிப் பெண்களை 23 ஆண்டுகளுக்குப் பின் தேடிப் பார்த்த ஷெர்மனும் ஹீதர் ஹாரிஸும், கணவனோ துணைவனோ கைதான பெண்கள், எச்சரிக்கையோடு விடப்பட்டவர்களின் துணைவியரைவிட 64 விழுக்காடு கூடுதலாக இறந்திருந்ததாக அறிவித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் கொலையுண்டவர்கள் அல்லர்; இதய நோய் போன்ற இயல்பான காரணங்களால் இறந்தவர்கள். கறுப்பினப் பெண்களிடையே இறப்பு விகிதம் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அதன் காரணம் இன்றும் விவாதத்தில் உள்ளது.

சட்டமன்றங்கள் ஆய்வாளர்களைப் போலப் பின்வாங்கவில்லை. பெண்களுக்கு எதிரான வன்முறைச் சட்டம் 1994இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியபோது, கைதை ஊக்குவிக்கும் காவல் துறைகளுக்கு மத்திய நிதி ஒதுக்கப்பட்டது. களத்தில் அதன் பக்கவிளைவு ஒன்று விரைவில் தெரிந்தது: இருவரின் உடலிலும் கீறல் இருந்தால் இருவரையுமே விலங்கிட்டுக் கொண்டுபோகும் வழக்கம் பரவியது. கழுத்தை நெரித்தவனின் கையை நகத்தால் பிறாண்டித் தப்பிய பெண்ணின் கையிலும் விலங்கு ஏறியது, ஏனெனில் நெரித்த தடம் உடனே தெரிவதில்லை, பிறாண்டிய தடம் உடனே தெரிகிறது. 'முதன்மை வன்முறையாளர்' யார் என்று காவலர் கண்டறிய வேண்டும், தற்காப்புக்காக அடித்தவரைக் கைது செய்யக் கூடாது என்ற திருத்தத்தை வாஷிங்டன் மாநிலம் 1985இலேயே கொண்டுவந்திருந்தது; பிற மாநிலங்கள் மெல்லப் பின்தொடர்ந்தன. கான்சாஸ் சிட்டியின் படிக்கட்டில் காவலர் ஏறி இறங்கியதாவது ஏட்டில் பதிவாயிற்று; காவலரை அழைத்தால் தானும் கைதாவோம், பிள்ளைகளை அரசு எடுத்துக்கொள்ளும் என்று அஞ்சி அழைக்காமலே இருந்த பெண்களைப் பற்றி எந்தப் பதிவேடும் பேசாது.

சட்டம் கட்டாயம் என்று சொன்னாலும் அது கட்டாயந்தானா என்ற ஐயத்தை 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எழுப்பியது. கொலராடோவின் காசில் ராக் நகரில், நீதிமன்றத்தின் பாதுகாப்பு ஆணையை, அதாவது மனைவி மக்களை நெருங்கக் கூடாது என்ற உத்தரவை, மீறி ஒருவன் தன் மூன்று பெண் குழந்தைகளைக் கொண்டுசென்றதாக 1999இல் ஒரு தாய் காவல் துறையிடம் திரும்பத் திரும்ப முறையிட்டாள். பொறுத்திருங்கள் என்ற விடையே கிடைத்தது. விடியுமுன் மூன்று குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தனர். ஆணையைக் காவலர் செயல்படுத்தியே தீர வேண்டும் என்று கோர அவளுக்கு அரசியலமைப்பு உரிமை எதுவும் இல்லை என்று ஏழு நீதிபதிகள் தீர்ப்பெழுதினர், இருவர் மறுத்தனர். டோரிங்டன் தீர்ப்பு திறந்த கதவின் பெரும்பகுதி இதோடு மூடிக்கொண்டது.

மூன்றாவது மாற்றம் இவ்வளவு ஆரவாரத்தோடு வரவில்லை. அதன் வேர் மினசோட்டாவின் டுலூத் என்ற துறைமுக நகரில், எல்லன் பென்சும் அவருடைய தோழர்களும் 1981இல் தொடங்கிய திட்டத்தில் இருந்தது. கைது நடந்த இரவிலேயே அடைக்கல இல்லத்துக்குத் தகவல் போவது, அங்கிருந்து ஒரு பெண் புறப்பட்டு அடிபட்டவளைப் பார்க்கச் செல்வது, நீதிமன்றமும் நன்னடத்தை அலுவலரும் காவலரும் ஒரே வழக்கை ஒரே கண்ணோடு தொடர்ந்து பார்ப்பது என்று, வாசற்படியில் முடிந்துபோன கதையை அடுத்த நாளைக்கு நீட்டியது அத்திட்டம். இதோடு சேர்ந்தது செவிலியரும் ஆய்வாளருமான ஜாக்குலின் கேம்பெல் 1985 முதல் வளர்த்த அபாய மதிப்பீடு. கொல்லப்பட்ட பெண்களின் கதைகளையும் பிழைத்தவர்களின் கதைகளையும் ஒப்பிட்டு, வீட்டில் துப்பாக்கி இருந்தால் கொலையாகும் வாய்ப்பு ஐந்து மடங்குக்கு மேல் கூடுகிறது என்று 11 நகரங்களின் தரவுகளிலிருந்து 2003இல் அவரும் குழுவினரும் காட்டினர். கழுத்தை நெரித்தலைக் கடுமையான வன்முறையாகக் கொள்ள வேண்டும் என்பதைச் சான் டியேகோவின் அரசு வழக்கறிஞர்கள் 1990களில் சுமார் 300 வழக்குகளைப் புரட்டிக் கண்டுகொண்டனர். அதுவரை அத்தகைய வழக்குகளில் பெரும்பாலானவை, வெளிக்காயம் தெரியாததால், சிறு குற்றமாகவே முடிந்திருந்தன. பின்னர் பல மாநிலங்கள் அதைப் பெருங்குற்றமாக்கின.

மேரிலாந்து மாநிலத்தில் 2005 முதல் நடைமுறைக்கு வந்த உயிராபத்து மதிப்பீட்டு முறை இவையெல்லாவற்றையும் ஒரு காவலரின் சட்டைப்பைக்குள் அடங்கும் அட்டையாகச் சுருக்கியது. அதில் 11 கேள்விகள். உங்கள் மீது ஆயுதத்தைப் பயன்படுத்தியிருக்கிறாரா, கொன்றுவிடுவதாக மிரட்டியிருக்கிறாரா, கொல்லக்கூடும் என்று நீங்களே நினைக்கிறீர்களா என்ற முதல் மூன்றில் எதற்கு ஆம் என்று விடை வந்தாலும் அபாயம் பெரிது என்று கொள்ளப்படும். மூன்றாம் கேள்விதான் இந்த நீண்ட வரலாற்றில் உண்மையிலேயே புதியது. அந்த வீட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததைச் சாட்சியாக ஏற்றுக்கொள்ளும் கேள்வி அது. ஓக்லஹோமாவின் ஏழு காவல் வட்டாரங்களில் இம்முறையை ஆராய்ந்தபோது, அதற்குட்பட்ட பெண்கள் அனுபவித்த வன்முறையின் கடுமை குறைந்திருந்தது. விடைகளைக் குறித்துக்கொண்ட பிறகு காவலர், கைது நடந்தாலும் நடக்காவிட்டாலும், அங்கேயே நின்று அடைக்கல இல்லத்தின் எண்ணைத் தாமே அழைத்து நிலைமையைச் சொல்கிறார். பேச விருப்பமா என்று அவளிடம் கேட்கிறார். சரி என்றால் தொலைபேசியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் பேசி முடிக்கும்வரை அந்த வீட்டில் காத்திருக்கிறார்.